ஃபிரிட்ஜை மூடிவிட்டுப் பானையைத் திறந்தேன்

வணக்கம் மக்களே. வேலூரிலிருந்து பேசுகிறேன். மணி காலை 11தான் ஆகிறது, மாடிப்படியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. கத்திரி வெயில் என்றால் எங்கள் ஊர் கத்திரிதான். பின்னால் கேட்கிற சத்தம் டேபிள் ஃபேன். அதை நிறுத்தச் சொல்லிக் கமெண்ட் போடாதீர்கள், அது நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

போன வருஷம் இதே நாட்களில் வெளியே போய்விட்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஃபிரிட்ஜைத் திறந்து அரை பாட்டில் ஐஸ் தண்ணீரை நின்றபடி குடிப்பேன். தாகம் அடங்காது, சோறு இறங்காது, வயிறு மந்தமாகவே கிடக்கும். ஓர் ஆயுர்வேத டாக்டரிடம் போனேன். மருந்து எழுதுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீரை எதில் வைத்துக் குடிக்கிறீர்கள்?"

வெயில் காலம் என்றாலே பித்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் அப்படிச் சொல்லவில்லையாம். கோடையில் உடம்பில் சேருவது வாதம், அதாவது வறட்சிக் குணம். பித்தம் சேருவது மழைக்காலத்தில், அது சீறிக் கிளம்புவது மழை ஓய்ந்தபின் வரும் சரத் காலத்தில். கோடை வரைக்கும் சூரியன் மண்ணிலிருந்தும் நம் உடம்பிலிருந்தும் சாரத்தை உறிஞ்சிக்கொண்டே வருகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே நமக்குத் தேவை ஈரப்பசை. இனிப்பு, லேசான சாப்பாடு, நீராகாரம், கொஞ்சம் நெய். உப்பும் புளிப்பும் காரமும் குறைய வேண்டும். ஆவக்காய் ஊறுகாய் பிரியர்கள் இந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஐஸ் தண்ணீர் செரிமானத் தீயை அவித்துவிடும் என்பதால் அதற்கு அங்கே இடமே இல்லை.

சரி, பானைக்கு வருவோம். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது, தெரிகிறதா? அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாகக் குளிரும். சென்னைப் புழுக்கத்தில் இந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். புதுப் பானையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளே போட வெட்டிவேர், ஒரு கைப்பிடி. முதல் அலசலில் சேறு மாதிரி மண் வரும், பயப்படாதீர்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து போடுங்கள். நான் 2 நாளைக்கு ஒரு தடவை வேரை மாற்றிவிடுவேன்.

அப்புறம் பானகம். ராமநவமியோடு அதை மறந்துவிடுகிறோம். ஒரு சொம்பு பானைத் தண்ணீர், எலுமிச்சம்பழ அளவு வெல்லம், 2 ஏலக்காய், சிட்டிகை சுக்கு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வேண்டாம், நன்னாரி சர்பத்தும் வேண்டாம். வெட்டிவேர்த் தண்ணீரே போதும்.

இப்போது சண்டைக்கு வருவீர்கள். தயிர் குளிர்ச்சி கிடையாது. ஆயுர்வேதத்தில் அது சூட்டுக் கணக்கு, கோடையில் தவிர்க்கச் சொல்கிறார்கள். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுஸ்ருதர் மோரையே வெயில் காலத்தில் கொடுக்காதே என்கிறார். அதற்காக நீர்மோரை விட்டுவிடுவேனா? மாட்டேன். ஒரு கரண்டித் தயிருக்கு ஒரு சொம்பு தண்ணீர் விடுகிற எங்கள் வீட்டு மோரை சுஸ்ருதர் பார்த்திருந்தால் தண்ணீர்க் கணக்கில்தான் எழுதியிருப்பார் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி, பகல் தூக்கம். மற்ற காலங்களில் கூடாது என்பவர்கள் கோடைக்கு மட்டும் அனுமதி தருகிறார்கள். ராத்திரி குறுகியது, உடம்பும் வறண்டிருக்கிறது, அதனால். உடற்பயிற்சியையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆனால் எண்ணெய்க் குளியல் அன்றைக்கு மட்டும் பகலில் தூங்கக் கூடாது, அது அம்மா சட்டம். நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, உச்சந்தலை, காது மடல், உள்ளங்கால் என்று தேய்த்து, அரை மணி நேரம் கழித்துச் சீயக்காய். ஒருமுறை குளித்த கையோடு பைக் எடுத்துக்கொண்டு வெயிலில் காட்பாடி வரை போய்வந்தேன். சாயங்காலம் வரை தலை பாறாங்கல் மாதிரி கனத்தது. குளித்தால் வீட்டிலேயே இருங்கள். அதே மாதிரி, வெயிலிலிருந்து வந்த சூட்டோடு பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றாதீர்கள். வேர்வை அடங்கட்டும்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. வெயிலில் நின்ற ஒருவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ பானகம் கரைத்துக்கொண்டு நிற்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ராத்திரிக்கு வாக்படர் சொல்வது, நிலாவும் நட்சத்திரமும் படும்படி ஆறவைத்த எருமைப் பால், சர்க்கரை போட்டு. எருமைப் பாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நிலாவைத்தான் பக்கத்து வீட்டு தண்ணீர் டேங்க் மறைக்கிறது.

பானையிலிருந்து எடுத்த பழைய வேரைத் தூக்கிப் போடாதீர்கள். இதோ, ஜன்னல் கம்பியில் கட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறேன். காற்று வந்தால் அறை முழுக்க மணக்கும். காற்றுதான் இன்னும் வரவில்லை.