பஞ்சாரத்துக்கு ஒரு பதில்

(லண்டனில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் உடையைக் கையால் தைத்து உடுத்துவது கலையா? காலவிரயமா?" கலையே என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணிக்கும், உட்கார இடமில்லாம வாசல் வரைக்கும் நிக்குற சபைக்கும் வணக்கம். வணக்கத்தை இதோட நிறுத்திக்கறேன். மணி உங்க கையில இருக்கு ஐயா. என் மனசு அந்தப் பஞ்சாரத்துல இருக்கு.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "நடுவர் அவர்களே, அக்கா மேடை ஏறினப்ப எங்க ஊர்க் கோழிப் பஞ்சாரம் படியேறி வர்ற மாதிரியே இருந்துச்சு. உள்ள எத்தனை குஞ்சுன்னு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க"ன்னார். கைதட்டல் கூரையைப் பிய்ச்சுது. முன்வரிசையில என் வீட்டுக்காரரும் சேர்ந்து தட்டினார். பார்த்தேன்.

தம்பி, பஞ்சாரம்னு சொன்னீங்களே, அதைவிடப் பொருத்தமான சொல் தமிழ்ல கிடையாது. இந்தக் கத்தரிப்பூ நிறப் பாவாடைக்குள்ள இருக்குறது கூண்டுதான். வட்ட வட்டமா எஃகுப் பட்டை, அதைக் கட்டித் தொங்கவிடப் பருத்தி நாடா. 1856-ல காப்புரிமை வாங்கின சாமான். பேரு கிரினோலின். ஆனா பஞ்சாரத்தை எதுக்குக் கவுத்துறாங்கன்னு தம்பி சொல்லவே இல்லையே! கோழிக்குத் தண்டனை கொடுக்கவா? எங்க அம்மாச்சி பஞ்சாரத்தைக் கவுத்துறது பருந்துகிட்ட இருந்து குஞ்சைக் காப்பாத்த.

இந்தக் கூண்டும் காப்பாத்தத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பாவாடை குடை மாதிரி நிக்கணும்னா கஞ்சி போட்ட உள்பாவாடையை ஒண்ணுமேல ஒண்ணா நாலு, அஞ்சு, ஆறுன்னு கட்டணும். குதிரை மயிர்ல நெய்த முரட்டுத் துணியும் உண்டு. கிரினோலின்ங்கிற பேரே அந்தக் குதிரை மயிருக்குப் பிரெஞ்சுக்காரங்க சொல்ற பேர்ல இருந்து வந்ததுதான். அவ்வளவு பாரத்தையும் இடுப்புல சுமந்துக்கிட்டு, நடக்க நடக்கக் கால்ல துணி சுத்திக்கிட்டு ஒரு பொம்பளை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்திருக்கா. கூண்டு வந்த அன்னிக்கு அவ கால் ரெண்டும் காத்து வாங்கியிருக்கு. தீ பிடிக்கும்னு எதிரணி சொன்னது உண்மை. கணப்புல பாவாடை பட்டு எரிஞ்சு செத்தவங்க நிறைய. நான் மறைக்கல.

அடுத்து தம்பி ஒரு கேள்வி போட்டார். "இதை மாட்டிக்கிட்டு ரயில்ல ஏற முடியுமா அக்கா?"

ஏறியிருக்கேன் தம்பி. கேளுங்க.

இங்கிலாந்துல கென்ட் பக்கம் ராச்செஸ்டர்னு ஒரு ஊர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் சின்ன வயசுல ஓடியாடினது அந்தச் சுத்துவட்டாரத்துல. 1870-ல கண்ணை மூடினதும் அந்த ஊருக்குப் பக்கத்துலதான். அவர் பேர்ல அங்க திருவிழா நடக்கும். தெருவெல்லாம் உயரத் தொப்பி, தாடைக்குக் கீழ நாடா கட்டுற பானெட்டுத் தொப்பி, ஊர்வலம். நான் இதே உடையைக் கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். டிக்கெட்டைத் தொட்டா திறக்குமே, அந்தக் குட்டிக் கதவு. பக்கத்துல ஒரு ரயில்வே ஊழியர், ஆறடி ஆள். கதவைப் பார்த்தார். என் பாவாடையைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். மனசுக்குள்ளயே அளவெடுக்கிறார் ஐயா! பெட்டி படுக்கைக்கு இருக்குற அகலக் கதவைத் திறக்கச் சாவியை எடுத்துட்டார்.

நான் "வேண்டாம்"னேன். குஞ்சுகளை வெளிய விட எங்க அம்மாச்சி பஞ்சாரத்தை ஒரு பக்கமாத் தூக்குவாங்களே, அதே மாதிரி இடது கையால ஒரு பக்க வளையத்தை அமுக்கி மேல தூக்கினேன். எஃகு வளைஞ்சு கொடுத்துச்சு. ஒருக்களிச்சு ஒரே எட்டு. அந்தப் பக்கம் போய்க் கையை எடுத்தேன். டப்புனு பழையபடி வட்டமா நின்னுச்சு பாருங்க! பின்னாடி வரிசையில நின்னவங்க அத்தனை பேரும் கைதட்டினாங்க. அந்த ஆறடி ஆள் தொப்பியைக் கழட்டினார்.

உட்கார முடியுமாங்கிறீங்களா? இதோ, நடுவர் பக்கத்து நாற்காலியிலயே உக்காந்து காட்டறேன். பார்த்தீங்களா? வளையம் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சு, அடுக்கி வச்ச வளையல் மாதிரி ஆயிடுச்சு. ரயில்லயும் ஒரே ஒரு சீட்டுதான் ஐயா. எதிர்ல ஒரு பெண் குழந்தை, அஞ்சு வயசு இருக்கும். பாவாடையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ஸ்டேஷன் பொறுத்துப் பார்த்துட்டு, கிட்ட வந்து குனிஞ்சு கேட்டுச்சு: "இதுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

தம்பி! உங்க கேள்வியை அஞ்சு வயசுக் குழந்தை உங்களுக்கு முன்னாடியே கேட்டுருச்சு!

இருங்க, கைதட்டி முடிங்க. கதை இன்னும் முடியல. அந்தக் குழந்தைக்குப் பக்கத்துல ஒரு வயசான அம்மா. எண்பதைத் தாண்டியிருக்கும். ஒரு வார்த்தை பேசல. என் மணிக்கட்டைப் பிடிச்சு, சட்டைக் கையோட விளிம்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாங்க. வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. அப்புறம் நெஞ்சுக்கு நேரா இருக்குற காஜாவைக் கட்டைவிரலால தடவினாங்க.

முன்பக்கம் பதினாலு காஜா இருக்கு. மிஷின்ல போட்டா ஒண்ணுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கையால எனக்கு ஒண்ணுக்கு அரைமணி நேரம். துணியைக் கீறி, பிசிறு வராம ஓரத்தை மடக்காமலே முடிச்சு முடிச்சா நூலை இறுக்கிக்கிட்டே வரணும். ஒரு முடிச்சு தளர்ந்தா அந்த இடத்துல நூல் பிரிய ஆரம்பிச்சிடும். அந்த அம்மா பதினாலையும் தடவிட்டு, "எங்க பாட்டி தையல்காரி, இப்படித்தான் உள்ளே திருப்பிப் பார்ப்பாங்க"ன்னாங்க. ராச்செஸ்டர் வர்ற வரைக்கும் என் கையை விடல.

எதிரணித் தலைவர் அண்ணன் கோபமா ஒண்ணு சொன்னார். "வெள்ளைக்காரன் போய் எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, வெள்ளைக்காரி பாவாடை இன்னும் போகலையே"ன்னார். அண்ணே, என் தோள்ல கிடக்குற சால்வையைப் பாருங்க. இதுல இருக்குறது என்ன? மாங்காய்! உங்க வீட்டுப் பட்டுச் சேலை பார்டர்ல இருக்குற அதே மாங்காய். காஷ்மீர் சால்வைக்கு இங்க இருந்த பெண்கள் ஆசைப்பட்டாங்க, விலை கட்டுப்படியாகல. ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊர்ல அதைப் பார்த்து நெசவு போட்டாங்க. கடைசியில நம்ம மாங்காய்க்கே அந்த ஊர் பேரு ஒட்டிக்கிச்சு. காலிகோங்கிற பருத்தித் துணிக்குப் பேரு வந்ததே நம்ம கோழிக்கோட்டுல இருந்துதான். சாயம் மட்டும் இந்த ஊர். 1856-ல பெர்கின்னு பதினெட்டு வயசுப் பையன் மலேரியா மருந்து செய்யப் போய்ச் சட்டியில மிஞ்சின கசடுல இருந்து இந்தக் கத்தரிப்பூ நிறம் வந்துச்சு. 1858-ல மக கல்யாணத்துக்கு விக்டோரியா ராணியே அந்த நிறத்துல வந்து நின்னாங்க. இதுல எவ்வளவு அவங்களுது, எவ்வளவு நம்மளுதுன்னு நூலைப் பிரிச்சுக் காட்டுங்க அண்ணே, நான் ஒத்துக்கறேன்.

பெண்களுக்கு மட்டும் ஒரு சேதி. இதோ பாருங்க, பாவாடைத் தையல்ல கையை விடறேன். மூக்குக் கண்ணாடி. போன். வீட்டுச் சாவி. தொண்டை கட்டினா நடுவருக்குக் கொடுக்கப் பனங்கற்கண்டு. முழங்கை வரைக்கும் ஆழமான பை! 1860-கள்ல இப்படித்தான் வச்சுத் தைச்சாங்க. நீங்க போன வாரம் வாங்கின சுடிதார்ல எத்தனை பை இருக்கு, சொல்லுங்க?

முதல் மணி அடிச்சுட்டீங்க. சரி ஐயா. சிரிச்சது போதும்.

"காசு கொடுத்தா ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரும், எதுக்கு மூணு மாசம் ராத்திரி ராத்திரி ஊசி பிடிக்கணும்"னு கேட்டாங்க. இந்த உடை 1863-ஆம் வருஷத்து வெட்டு. அந்த வருஷம் டென்மார்க்ல இருந்து புது இளவரசி லண்டனுக்கு மருமகளா வந்திருக்காங்க. அவங்களுக்காக ஒரு நடன விருந்து. பெரிய இடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் உடனே உடை வேணும். லண்டன்ல ஒரு பெரிய தையல் கடையில மேரி ஆன் வாக்லின்னு இருபது வயசுப் பொண்ணு. இருபத்தாறரை மணி நேரம் நிறுத்தாம தைச்சா. அவளோட அறுபது பொண்ணுங்க, ஒரு அறைக்கு முப்பது பேரா அடைச்சு வச்சு. வெள்ளிக்கிழமை படுத்தா. ஞாயித்துக்கிழமை செத்துட்டா. கையில எடுத்த வேலை முடியலையேன்னு முதலாளியம்மாவுக்கு ஆச்சரியமாம். கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூல்ல அவ பேரை எழுதியிருக்கார்.

தம்பி, உண்மையான கூண்டு அந்த அறைதான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்பு மடிப்பை எடுத்துக்கிட்டு இருப்பேன். நாலு மீட்டர் சுத்தளவு பாவாடையை இத்துணூண்டு இடுப்புக்குள்ள சுருக்கணும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஊசி ரெண்டு தரம் உள்ள போய் வரணும். ஆள்காட்டி விரல் நுனி சொரசொரன்னு ஆயிடும். அப்ப எனக்கு மேரி ஆன் ஞாபகம் வரும். அவளுக்குப் பின்னாடியே எங்கம்மா வருவாங்க.

எங்கம்மா ஊர்ல ரவிக்கை தைச்சவங்க. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி திண்ணையில மிஷின். தெருவே துணியைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். "அக்கா, காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சதும் கட்டணும்"னு சொல்லிட்டுப் போவாங்க. மிஷின் ஓடுற சத்தத்துல நான் தூங்கிடுவேன். விடிகாலையில முழிச்சா அம்மா அதே இடத்துல உக்காந்து, கொக்கி வச்சுத் தைச்சுக்கிட்டு இருப்பாங்க. தெரு முழுக்கப் புது ரவிக்கை. அம்மாவோட துணி மட்டும் வெட்டாம மடிச்சபடி இருக்கும். பழசைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு எங்களுக்கு எண்ணெய் வைப்பாங்க. ஒரு தீபாவளி இல்ல ஐயா. நான் கல்யாணமாகி வர்ற வரைக்கும் அப்படித்தான்.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. ஒரே ஒரு நிமிஷம்.

பாரிஸ்ல வொர்த்னு ஒரு பெரிய உடைக்காரர் இருந்தார். ஆங்கிலேயர்தான். அவர் கடையில செய்த உடையில இடுப்புக்கு உள்பக்கம் ஒரு பட்டை இருக்கும், அதுல அவர் பேரைப் போட்டிருப்பாங்க. தைச்ச பொண்ணுங்க பேரு அதுல இருக்காது. இந்த உடைக்கும் உள்ள அந்தப் பட்டையை வச்சிருக்கேன். வெளிய தெரியாது, நீங்க யாரும் பார்க்க முடியாது. சிவப்பு நூல்ல ரெண்டு பேரு தைச்சிருக்கேன். மேல மேரி ஆன் வாக்லி, இங்கிலீஷ்ல. அதுக்குக் கீழ எங்கம்மா பேரு, தமிழ்ல.

வணக்கம்.