பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சிப் பருவம்

வணக்கம் நேயர்களே.

கொழும்பில் ஓவியம் பயிலும் ஒருவர் தன் படைப்பை மக்கள் முன் வைக்கும் வழிகளில், 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஓரத்தில் நடந்துவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையைப் பலருக்கும் தெரியும். அங்கே ஓவியர் படத்தின் பக்கத்திலேயே நிற்பார். கேட்டவருக்குப் பதில் சொல்வார். ஹோர்ட்டன் பிளேஸில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தின் ஜே. டி. ஏ. பெரேரா கலைக்கூடம் போன்ற இடத்தில் நிலைமை வேறு. திறப்புவிழா மாலை முடிந்தால், மீதி நாட்களெல்லாம் படம் தனியாகத்தான் தொங்கும். எந்த உயரத்தில் தொங்குகிறது, வெளிச்சம் எப்படி விழுகிறது, பக்கத்தில் ஒட்டிய விவரச்சீட்டு என்ன சொல்கிறது என்பவைதாம் அதற்காகப் பேச வேண்டும். ஆகவே மாட்டும் வேலையையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்க வேண்டும். அதற்கான நாட்களை நாட்காட்டியில் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

பருவத்தைத் திட்டமிடும்போது எல்லா மாணவருக்கும் இடம் கொடுக்கும் நல்லெண்ணத்தில் கண்காட்சிகளை நெருக்கி அடுக்குவது வழக்கம். ஞாயிறு இரவு ஒன்று இறங்கும், செவ்வாய் மாலை அடுத்தது திறக்கும். ஒரு நாள் இடைவெளியில் ஏழு கண்காட்சி வைப்பதைவிட, நான்கு நாள் இடைவெளியில் ஐந்து வைப்பதே மாணவருக்குச் செய்யும் உபகாரம். முதல் நாளில் படங்களை இறக்கி, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் கைப்பேசியில் படமெடுத்து, சுவரின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். அடைத்த இடம் காய்ந்த பிறகே மணல்தாள் தேய்த்து வெள்ளை பூசலாம். ஈரத்தோடு பூசினால் இரண்டு நாளில் வெடிப்பு தெரியும். வேறு வாளி வெள்ளையைப் பூசினால் விளக்கு விழும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். மூன்றாம் நாள் மாட்டுவது, நான்காம் நாள் விளக்கும் சீட்டும்.

மாட்டுவதற்கு முன் ஆணியைத் தொடவே வேண்டாம். ஸ்பொஞ்சுத் துண்டுகளைத் தரையில் வைத்து, படங்களைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, அரை நாள் இடம் மாற்றிப் பாருங்கள். எத்தனை படம் என்பதைச் சுவரே தீர்மானிக்கட்டும். ஒன்பது மீற்றர் சுவரில் 90 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஆறு படங்களை வைத்தால் இடையிலும் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் கிடைக்கும். எட்டு வைத்தால் அது 20 ஆகச் சுருங்கிவிடும். ஒரு படத்தைப் பார்க்கும் கண்ணுக்குள் அடுத்த படம் நுழைந்துவிடும். நண்பனின் படத்தை விட்டுவிட மனம் வராமல் எட்டையும் மாட்டுகிறார்கள். பாதிக்கப்படுவது எட்டுப் பேருமே.

உயரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. படத்தின் மேல் விளிம்பை வைத்து அளக்காமல் நடுப்பகுதியை வைத்து அளக்க வேண்டும். தரையிலிருந்து 150 சென்ரிமீற்றரில் நடுப்புள்ளி வந்தால் பெரும்பாலானோருக்குக் கழுத்து வலிக்காது. 80 சென்ரிமீற்றர் உயரமான படம் என்று வையுங்கள். பின்னாலுள்ள கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்பிலிருந்து 8 சென்ரிமீற்றர் கீழே நிற்கிறது. 150உடன் பாதி உயரமான 40ஐக் கூட்டி 8ஐக் கழித்தால் 182. கொக்கி அங்கேதான் வர வேண்டும். அகலமான படத்துக்கு ஒரு கொக்கி போதாது. இரண்டு போட்டால்தான் ஆட்கள் நடந்து திரியும்போது சரியாமல் நிற்கும். செங்கல் சுவரில் ரோல் பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) இல்லாமல் அடித்த ஆணி சில நாள் தாங்கும், பிறகு பூச்சோடு பெயர்ந்து வரும்.

கொழும்பின் காற்றை மறந்துவிட்டு இங்கே எதையும் காட்சிக்கு வைக்க முடியாது. ஈரப்பதன் 75, 80 வீதம் என்பது இந்த நகரத்தில் சாதாரணம். தாளுக்கு ஏற்றதோ 50 வீதத்தை ஒட்டிய அளவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. நீர்வர்ணம், அச்சுப்படம், பென்சில் வேலைகளைக் கொண்ட கண்காட்சியை டிசெம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வைக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் மழைச்சாரல் விழும் வெளிச்சுவரிலாவது தாளை மாட்டாதீர்கள். சட்டகத்தின் பின்புறக் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு சிறு தக்கைத் துண்டை ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், சில வேளை வர்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரேம் கடையில் இடைவெளிக்கு மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள், மாஸ்கிங் டேப் ஒட்டவேண்டாம் என்றும் சொல்லுங்கள். பகலில் குளிரூட்டியைப் போட்டு இரவில் நிறுத்துவது தாளுக்கு நல்லதல்ல. ஈரப்பதன் ஏறி இறங்கும்போதெல்லாம் தாள் நெளிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் படம் கொண்டுவரும் மாணவருக்கு ஒரு வார்த்தை. கன்வஸைச் சுருட்டுவதானால் வர்ணப்பக்கம் வெளியே இருக்க வேண்டும், குழாயின் விட்டம் 15 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. உள்பக்கமாகச் சுருட்டினால் வர்ணம் நசுங்கி மடிப்பு விழும். அக்ரிலிக் வர்ணம் வெக்கையில் இளகும் தன்மையுடையது. இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து இரவு பஸ்ஸில் ஏற்றினால் விடியும்போது பிரித்தெடுக்க முடியாது. பபிள் ராப்பை நேரே சுற்றினால் அந்தக் குமிழ்கள் அப்படியே படத்தில் பதியும். முதலில் பேக்கிங் தாள், அதன் மேல் குமிழ்ப்பக்கம் வெளியே பார்க்கும்படி பபிள் ராப். தைல வர்ணத்துக்கு வேறு கவலை: தடிப்பாகப் பூசியது மேலே காய்ந்தாலும் உள்ளே பல வாரம் ஈரமாகவே இருக்கும். திறப்புக்கு மூன்று நாள் முன் முடித்த தைலவர்ணப் படத்தை லொறியில் ஏற்றாமல் விடுவதே மேல்.

விளக்கை நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாய்த்துப் படத்தின் நடுவில் விழ விடுங்கள். மிகச் செங்குத்தாக வைத்தால் சட்டகத்தின் நிழல் படத்தின் மேல் இறங்கும். மிகச் சாய்த்தால் கண்ணாடியில் விளக்குத்தான் தெரியும். வெளிச்சத்தின் அளவு, லக்ஸ் என்ற அலகில், தாள் வேலைக்கு 50 லக்ஸ், தைல வர்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியக வழக்கம்.

விவரச்சீட்டில் தமிழ் படும் பாடு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பாமினி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல் வரும். யுனிகோடில் தட்டினாலும், பழைய வடிவமைப்பு மென்பொருள் ‘கொ’வை உடைத்துக் கொம்பைத் தனியே எறிந்துவிடும். அச்சகத்தில் தமிழ் தெரியாதவர் அதைக் கண்டுபிடிக்கமாட்டார். யுனிகோடில் எழுதி, எழுத்துருவை உள்ளடக்கிய பீடிஎஃப் கோப்பாக மாற்றி, ஒரு தாள் மாதிரி அச்சிட்டுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மிச்சத்தை அச்சிட வேண்டும். மும்மொழிச் சீட்டில் தமிழ் மட்டும் உடைந்து நிற்பது, நம் வாசகரை வாசலில் நிறுத்துவதற்குச் சமம். சீட்டில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு போதும். அளவில் உயரம் முதலில். படைப்பைப் பற்றிக் கலைஞரே எழுதும் கூற்று 120 சொல்லுக்குள் இருக்கட்டும். கோட்பாட்டாளர் பெயர்களை அடுக்குவதைவிட, எதை எதனால் செய்தார் என்று சொன்னாலே பார்வையாளர் மறுபடி படத்தின் பக்கம் திரும்புவார்.

விலைப்பட்டியல் சீட்டில் வேண்டாம், வரவேற்பு மேசையில் தனித்தாளாக இருக்கட்டும். படம் விற்றால் கலைக்கூடத்துக்கு எத்தனை வீதம், படத்தை எந்தத் திகதிக்குள் எடுத்துச்செல்ல வேண்டும் என்பவற்றை மாட்டுவதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். படத்தின் பின்புறம் பெயரும் தொலைபேசி இலக்கமும் இல்லாவிட்டால், பருவம் முடிந்து களஞ்சிய அறையில் கிடக்கும் படங்களில் யாருடையது எது என்று அடுத்த வருட மாணவரால் சொல்ல முடியாது.

நன்றி, வணக்கம்.