வெர்மான்ட் செனட் வேண்டாம் என்று சொல்லியும் அணு உலை ஏன் ஓடியது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கலிபோர்னியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய என் உரையைக் கேட்ட நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. "அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்த வெர்மான்ட் யாங்கி அணு உலையைத் தொடர்ந்து இயக்க வேண்டாம் என்று அம்மாநில செனட் வாக்களித்தும் உலை ஓடியதே, அப்படியானால் மாநில சட்டமன்றத்தின் கண்காணிப்பு வெறும் கண்துடைப்புதானா?" என்கிறார் அவர்.

கண்துடைப்பு அன்று. அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டப்படி கதிரியக்கப் பாதுகாப்பு மத்திய அரசின் கையில் இருக்கிறது. மின்சாரம் தேவையா, செலவு கட்டுப்படியாகுமா என்பவை மாநிலத்திடம் விடப்பட்டுள்ளன. நம் உரைகளில் பலமுறை சொன்னதுதான், மீண்டும் சொல்கிறேன்: 1983இல் உச்ச நீதிமன்றம் கலிபோர்னியாவின் சட்டத்தை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், எரிந்து தீர்ந்த எரிபொருளைப் புதைக்க வழி பிறக்கும்வரை புதிய உலை வேண்டாம் என்று அது கூறியபோது, செலவு பற்றிய கவலையை அடிப்படையாகக் கொண்டிருந்ததுதான்.

செலவுக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான அந்த எல்லைக்கோட்டை வெர்மான்ட் தாண்டிவிட்டது. தன் ஒப்புதலின்றி 2012 மார்ச்சுக்குப் பிறகு உலை இயங்கக் கூடாது என்று 2006இல் வெர்மான்ட் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2010 பிப்ரவரி 24 அன்று செனட் 26க்கு 4 என்ற கணக்கில் ஒப்புதலை மறுத்தது. மறு ஆண்டு, ஃபுகுஷிமா விபத்து நடந்த அதே மார்ச் மாதத்தில், மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உலைக்கு மேலும் 20 ஆண்டு உரிமம் வழங்கியது. உலையை நடத்திய நிறுவனம் தொடுத்த வழக்கை 2012 ஜனவரியில் தீர்த்த மத்திய நீதிமன்ற நீதிபதி மர்தா, சட்டமன்றக் குழுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் பேசியவற்றையே சான்றாக எடுத்துக்கொண்டு, சட்டத்தின் உண்மையான நோக்கம் கதிரியக்கப் பாதுகாப்பே என்று முடிவுசெய்து, அது செல்லாது என்றார். 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே மாதத்தில் நிறுவனமே, மலிவான இயற்கை எரிவாயுவோடு போட்டியிட முடியவில்லை என்று காட்டி, உலையை மூடப்போவதாக அறிவித்தது. 2014 டிசம்பர் 29 அன்று உலை நின்றது.

ஆனால் நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று நான் கருதுகிறேன்: அணுமின்சாரத்தை ஆதரித்த உறுப்பினர்களும் அன்று எதிர்த்து வாக்களித்தது ஏன்? உலையின் நம்பகத்தன்மையை முழுமையாகத் தணிக்கை செய்யவும், தணிக்கையை மேற்பார்வையிடத் தனிக்குழு அமைக்கவும் 2008இல் சட்டமன்றம் உத்தரவிட்டிருந்தது. கதிரியக்கப் பொருளைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாய்கள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு, இல்லை என்று பொருள்படும் பதிலையே நிறுவன அதிகாரிகள் மாநிலத்துக்குத் தந்தனர். 2010 ஜனவரியில் வளாகத்தின் கண்காணிப்புக் கிணற்று நீரில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் தென்பட்டது. தேடிச் சென்றபோது, இல்லை என்று சொல்லப்பட்ட குழாய்கள் மண்ணுக்கடியில் கசிந்துகொண்டிருந்தன. அந்தக் கேள்வியும் பதிலும் ஏற்கெனவே ஆவணத்தில் ஏறியிருந்ததால்தான் நிறுவனத்தால் பின்வாங்க முடியவில்லை, உறுப்பினர்களாலும் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை. சட்டத்தை நீதிமன்றம் தள்ளியது; கேட்கும் உரிமையை அது தொடவில்லை.

அந்த உரிமையை வெர்மான்ட் இன்னும் விட்டுவிடவில்லை. உலையைக் கலைக்கும் பணியைக் கவனிக்க, குடிமக்களும் இடம்பெறும் ஆலோசனைக் குழு ஒன்றை 2014இல் சட்டமன்றம் அமைத்தது. எரிந்து தீர்ந்த எரிபொருள், உலை இருந்த வெர்னான் ஊரிலேயே கலன்களில் நிற்கிறது. அதை எப்போது, எங்கே கொண்டுபோவது என்பதற்கு மத்திய அரசு இன்றுவரை விடை சொல்லவில்லை.