மூன்று கம்பிகள் கேட்ட சனி

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் நூலகம் வரை வந்து சேர்ந்திருக்கிறீர்கள், நன்றி. வெளியே இடிக்கிற இடி இன்றைய பேச்சுக்குப் பொருத்தமானதுதான்.

மின்னலைப் பற்றிச் சிங்கப்பூரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உலகில் மின்னல் அதிகமாக வெட்டும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. தேசிய சேவையில் இருக்கும் தம்பிமார் ‘கேட் ஒன்’ என்று மின்னல் எச்சரிக்கை அறிவிப்பு வந்ததும் திடலை விட்டு ஒதுங்கிவிடுவார்கள். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்னோர் அறிவிப்பும் நினைவிருக்கும். மீடியம் வேவ் வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டதும் அப்பா, “கம்பில இருக்கிற துணிய உள்ள இழு” என்பார். ஒரு துளிகூட விழுந்திருக்காது. கால் மணி நேரத்தில் மழை கொட்டும்.

மின்னல் வெட்டும்போது ஒளி மட்டும் கிளம்புவதில்லை. பரந்த அலைவரிசையில் ரேடியோ அலைகளும் கிளம்புகின்றன. எங்கோ மேகத்துக்குள் நடப்பதைக் கூடத்து வானொலியின் ஆன்டெனா பிடித்துவிடுகிறது. சனிக் கோளுக்குப் போன காசினி விண்கலம் செய்ததும் இதே காரியம்தான்.

1997 அக்டோபரில் கிளம்பிய காசினி, 2004 ஜூலையில் சனியின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. அது அனுப்பிய வளையப் படங்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் மனசு போவது அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த மூன்று கம்பிகளிடம். ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கர்னெட் தலைமையில் உருவான ரேடியோ, பிளாஸ்மா அலைக் கருவியின் காதுகள் அவை. கூடவே காந்த அலைகளைப் பிடிக்கச் சுருள்கள் இருந்தன. சுற்றியிருக்கும் பிளாஸ்மாவின், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவின், அடர்த்தியையும் வெப்பத்தையும் அளக்க, ஒரு கோலின் நுனியில் சின்ன உருண்டையும் இருந்தது. நொடிக்கு ஓர் அதிர்விலிருந்து ஒரு கோடியே 60 லட்சம் அதிர்வு வரை மின் அலைகளை இந்தக் கருவி கேட்கும். 2003இல், சனியை அடைய இன்னும் 16 கோடி கிலோமீட்டர் இருக்கும்போதே அங்கே வெட்டிய மின்னலின் கரகரப்பைப் பிடித்துவிட்டது. நம் பூமி என்றால் சூரியனுக்கே அவ்வளவு தூரம் கிடையாது!

‘கேட்டது’ என்று நான் சொல்வதற்கு ஒரு விளக்கம் வேண்டும். விண்வெளியில் காற்று கிடையாது, அதனால் ஒலியும் கிடையாது. கம்பியில் ஏறி இறங்குவது மின்னழுத்தம். ஆனால் பல பிளாஸ்மா அலைகளின் அதிர்வெண், நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அந்த மின்னழுத்தத்தை அப்படியே ஒலிபெருக்கியில் கொடுத்தால் கேட்கலாம். அதைவிட உயர்ந்த அலைகளைக் கீழே இறக்கிக் கேட்க வேண்டும்.

பிளாஸ்மா என்பது எலெக்ட்ரான்களும், அவற்றை இழந்த அணுக்களான அயனிகளும் பிரிந்து திரியும் வாயு. அதில் எலெக்ட்ரான்களைக் கொஞ்சம் தள்ளிவிட்டால், ஊஞ்சல் மாதிரி திரும்பி வந்து மறுபக்கமும் போகும். அந்த ஊஞ்சலின் வேகத்தைத் தீர்மானிப்பது எலெக்ட்ரான்களின் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலெக்ட்ரான் என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் ஏறத்தாழ அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் அதிர்வு என்ற கணக்கில் வந்துவிடும். திருப்பிப் போட்டால், சுருதியை வைத்தே அடர்த்தியைச் சொல்லலாம். காசினிக்கு முன்பே சனியைக் கடந்து வெளியே போன வாயேஜர் 1 விண்கலம் அப்படித்தான் தன் இடத்தைச் சொன்னது. அதில் பிளாஸ்மாவை நேராக அளக்கும் கருவி 1980லேயே பழுதாகிவிட்டது. 2013இல் கலத்தின் ஆன்டெனாக்கள் 2.6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஓர் அதிர்வைப் பிடித்தன. கணக்குப் போட்டால் 12 கன சென்டிமீட்டருக்கு ஓர் எலெக்ட்ரான். சூரியனிலிருந்து வீசும் துகள்கள் ஊதிவைத்திருக்கும் சூரியக் குமிழிக்குள் இருப்பதைவிட அது பல மடங்கு அதிகம். கலம் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குப் போய்விட்டது என்பது அந்தச் சுருதியால்தான் உறுதியானது.

சரி, சனிக்குத் திரும்புவோம். 2017 ஏப்ரல் 26 அன்று, சனிக்கும் அதன் வளையங்களுக்கும் நடுவே சுமார் 2,000 கிலோமீட்டர் அகல இடைவெளியில் காசினி முதல் முறையாகப் பாய்ந்தது. மணிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகம். அந்த வேகத்தில் மணல் அளவு துகள் பட்டாலும் கலத்துக்கு ஆபத்து. 4 மீட்டர் அகலமான தட்டு ஆன்டெனாவை முன்பக்கம் திருப்பி, குடை பிடிப்பதுபோல் கேடயமாக்கினார்கள். நம் கம்பிகள் மட்டும் குடைக்கு வெளியே நின்றன.

தூசு மோதினால் அது நொறுங்கி, ஆவியாகி, நொடிக்கும் குறைவான நேரம் ஒரு மின்னூட்டப் புகையாகிறது. கம்பியில் மின்னழுத்தம் ஒரு துள்ளு துள்ளும். ஒலியாக்கினால் ‘டப்’. அந்தப் பாய்ச்சலுக்குச் சில மாதங்களுக்கு முன், வளையங்களின் வெளிவிளிம்பருகே போனபோது நொடிக்கு நூற்றுக்கணக்கில் இப்படிக் கேட்டது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியிலும் அதே சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். தரவு வந்து சேர்ந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில ‘டப்’கள், அவ்வளவுதான்! பட்டவையும் மைக்ரான் அளவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுத் துகள்கள். அந்த நிசப்தம்தான் மீதமிருந்த 21 பாய்ச்சல்களுக்கும் தைரியம் கொடுத்தது.

இதே கம்பிகள் ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. சனி வாயுக் கோள். மேகத்தைப் பார்த்து நாளின் நீளத்தைச் சொல்ல முடியாது, ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அதன் ரேடியோ துடிப்பை வைத்து, சனியின் ஒரு நாள் 10 மணி 39 நிமிடம் 24 நொடி என்று வாயேஜர் தரவு சொன்னது. காசினி அளந்தபோது 10 மணி 45 நிமிடம் 45 நொடி! இவ்வளவு பெரிய கோள் இருபது சொச்சம் வருடங்களில் ஆறு நிமிடம் மந்தமாக வழியே இல்லை. அப்புறம் பார்த்தால் வட துருவத்துத் துடிப்பும் தென் துருவத்துத் துடிப்பும் வேறு வேறு. கம்பிகள் தப்பாகக் கேட்கவில்லை. அவை கேட்டது கோளைச் சூழ்ந்த பிளாஸ்மாவும் காந்தப்புலமும் சேர்ந்து சுழலும் தாளம். அது கோளின் உட்புறத்தோடு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே போகிறது.

உள்ளே இருக்கும் கடிகாரம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? வளையங்களிலிருந்து. சனியின் உடல் அதிரும்போது அதன் ஈர்ப்பு வளையத் துகள்களில் மெல்லிய அலைகளை எழுப்புகிறது. காசினி பதிந்துவந்த அந்த அலைகளைப் படித்து, 2019இல் 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கணக்கிட்டார்கள். அதற்குள் காசினி சனியின் காற்றில் விழுந்து எரிந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.