இலவச டிக்கெட் அரங்கை நிரப்பாது

நடுவர் அவர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். 'இலவச டிக்கெட் விளையாட்டு அணிக்கு வரவா, செலவா?' என்பது தலைப்பு. செலவுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கோயிலைத் துணைக்கு அழைத்தார். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் திருவிழா அன்னதானத்துக்குக் கூட்டம் கூடவில்லையா என்றார். கூடுகிறது ஐயா. ஆனால் இன்று போட்ட சோற்றை அடுத்த வாரம் விலைக்கு விற்கும் எண்ணம் அம்மனுக்கு இல்லை. அணிக்கு இருக்கிறது! இந்த வாரம் சும்மா கொடுத்த இருக்கைக்கு அடுத்த வாரம் காசு கேட்டால், 'இன்னொரு இலவச நாள் வரட்டும்' என்று ரசிகர் வீட்டிலேயே இருந்துவிடுவார். முன்கூட்டியே பணம் கட்டி சீசன் டிக்கெட் வாங்கியவர் நிலை இன்னும் பரிதாபம். பக்கத்து இருக்கைக்காரர் ஓசியில் வந்து அமர்வதைப் பார்த்த பிறகு, அதைப் புதுப்பிக்க அவருக்கு என்ன பைத்தியமா?

உள்ளே வந்தவர் தின்பண்டம் வாங்குவார், அணியின் சட்டை வாங்குவார் என்கிறார்கள். வந்தால்தானே! காசு கொடுத்தவர் தூறலிலும் குடையோடு வருகிறார். ஓசி டிக்கெட்டுக்காரர் தொலைக்காட்சி முன்னால் காலை நீட்டிவிடுகிறார்.

சரி, அத்தனை பேரும் வந்துவிட்டால்? 2010 ஜூன் 6ஆம் தேதியை நினைத்துப்பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் அருகே தெம்பிசாவின் மகுலோங் அரங்கில் நைஜீரியாவும் வட கொரியாவும் மோதிய பயிற்சிக் கால்பந்து ஆட்டம். டிக்கெட் இலவசம். வாயிலில் நெரிசல், ரசிகர்கள் மிதிபட்டார்கள், ஒரு காவலர் படுகாயமடைந்தார், ஆட்டமே சற்று நேரம் நின்றது. விலை இருந்தால் விற்ற கணக்கை வைத்து எத்தனை காவலர், எத்தனை வாயில் என்று திட்டமிடலாம். இலவசத்தில் அந்தக் கணக்கே கிடையாது. ஒன்று அரங்கு காற்றாடும், அல்லது கதவு உடையும்.

அதே ஆண்டு இங்கே நடந்த கால்பந்து உலகக் கோப்பைக்கு, நம் நாட்டவருக்கென்று 140 ராண்டுக்கு டிக்கெட் ஒதுக்கினார்கள். அப்படியும் முதலில் விற்பனை மந்தம். காரணம் விலையா? இல்லை. இணையத்திலோ வங்கியிலோ விண்ணப்பித்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் நேரடி விற்பனை தொடங்கியதும் மக்கள் முந்தைய இரவே வந்து வரிசை பிடித்தார்கள், கணினிகள் திணறின. கையில் காசோடு வாங்கத் தயாராக இருந்தவர்கள் இவர்கள்! (அரங்கங்களைக் கட்டிய தொழிலாளர்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்தார்களே என்று எதிரணி எழுந்துவிட வேண்டாம். அது உழைப்புக்குச் செய்த மரியாதை, வியாபாரத் தந்திரம் அல்ல.)

இருக்கை ஏன் காலி என்று விசாரிக்காமல் விலையை அழிப்பது சோம்பேறி நிர்வாகம். டர்பனின் கிங்ஸ்மீட் கிரிக்கெட் அரங்கில் இரவு ஆட்டம் முடிகிறது. கார் இல்லாத குடும்பம் பிள்ளைகளோடு நகருக்கு வடக்கே இருக்கும் பீனிக்ஸுக்கு எப்படித் திரும்பும்? அந்த நேரத்தில் டாக்சி கிடைக்குமா? கிடைத்தாலும் துணிந்து ஏறுவார்களா? இந்தக் கேள்விகளுக்கு இலவச டிக்கெட்டில் பதில் அச்சடித்திருக்கிறதா? 'அனுமதி இலவசம்' என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்யும் பணத்தில் ஆட்டம் முடிந்ததும் நாலு பஸ் விடட்டும் நடுவர் அவர்களே. டிக்கெட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.