நின்றால் வலி, படுத்தால் காணோம்

வணக்கம் மக்களே. வழக்கமாக நின்றுகொண்டு பேசுகிற ஆள் இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்குக் காரணம்தான் இன்றைய விஷயமே.

பின்கழுத்தில் பிடித்து இரண்டு தோள்பட்டைக்கும் இறங்கும் ஒரு வலி. கொஞ்ச நேரம் நின்று பாத்திரம் கழுவினால் வந்துவிடும், போய்ப் படுத்தால் இருந்த இடம் தெரியாது. நானும் தலையணையை மாற்றினேன், தைலம் தேய்த்தேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன். கடைசியில் ஒரு டாக்டர், வலிக்கிற இடத்தை விரலால் வரைந்து காட்டுங்கள் என்றார். வரைந்தால் சட்டை மாட்டும் ஹேங்கர்! இந்த வலிக்குப் பெயரே கோட் ஹேங்கர் வலிதானாம்.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல்கூட ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிரஷரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால், இதயத்துக்கு மேலே இருக்கிற, தலையை ஓயாமல் தாங்குகிற கழுத்துத் தசைகளுக்கு ரத்தம் போதாது. பட்டினி போட்டு வேலை வாங்கினால் தசை கத்தாமல் என்ன செய்யும்?

நான் ஏமாந்த இடம் எது தெரியுமா, எப்போதும் உட்காரவைத்தே பிரஷர் பார்த்தார்கள், எப்போதும் நார்மல். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை, நின்ற 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் ஒரு தடவை என்று பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். எனக்கு 128 போய் 96-இல் நின்றது. தலைசுற்றலாம், பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.

பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள்கூட இப்படிச் செய்யும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய், பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் இருப்பவர்களுக்கும் வரலாம். அப்புறம், நடக்கும்போது நெஞ்சிலோ கையிலோ வலித்தால் ஹேங்கர் கதையெல்லாம் வேண்டாம், முதலில் இதயத்தைப் பாருங்கள்.

எனக்குக் காலை நேரமும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும்தான் மோசம். எழும் முன் கெண்டைக்காலை இறுக்கி விடுவது, நிற்கும்போது காலைப் பின்னிக்கொள்வது, அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிப்பது, இவைதான் கைகொடுக்கின்றன. உப்பைக் கூட்டுவது மட்டும் டாக்டர் சொன்னால்தான்.

சரி, கேமராவை ஆன் செய்யும் முன் குடித்த தண்ணீர் இந்நேரம் வேலை செய்திருக்கும். மெதுவாக எழுந்து பார்க்கிறேன்... ம், இப்போது பரவாயில்லை.