பொன்னாடை வேண்டாம், பென்சிலை எடுங்கள்

(கீழக்கரையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கான உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, மண்டபம் ஊரிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நாட்டுப்படகு மீனவர் சங்கச் செயலாளர் அவர்களே, அறையைத் திறந்துவிட்டு மின்விசிறிக்கும் வழி செய்த நூலகர் அம்மா அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பாசி எடுத்த கையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்ட சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நகராட்சி உறுப்பினர் இப்போதுதான் உள்ளே வருகிறார். அவருக்கும் வணக்கம். முன்னால் நாற்காலி இருக்கிறது, வாருங்கள்.

எழுதிப் பழகியவர்கள் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு எப்படி உதவலாம் என்பது தலைப்பு. நான்கு செய்திகள் சொல்ல வேண்டும்: கைப்பிரதியைத் திருத்துவது, பக்கம் கட்டுவது, ஒப்பந்தம் போடுவது, விற்பது. இந்த ஊரில் நின்று உதவி என்ற சொல்லை எடுத்தால் வாய் தானாக ஒரு பழமொழிக்குப் போய்விடுகிறது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி. இந்த ஊர் வள்ளல் இறந்த பிறகு வந்து சேர்ந்த புலவர், கபுறுக்கு, அதாவது அடக்கம் செய்த இடத்துக்குப் போய் அழுது பாடினார். உள்ளிருந்து மோதிரக் கை வெளியே வந்தது என்பது கதை. அந்தப் புலவர் படிக்காசுப் புலவர் என்பார்கள். வேறு பெயர் சொல்வோரும் உண்டு. மோதிரம் இருக்கட்டும். அதே வள்ளல் தொடங்கிவைத்த இன்னொரு வேலை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், தலைவர் அனுமதிக்க வேண்டும்.

எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் படித்தவர் உமறுப்புலவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி சீதக்காதி அவரைக் கேட்டுக்கொண்டார். விருத்தம் பாடப் புலவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் செய்தி முழுவதும் அரபியில் கிடந்தது. உரை கேட்க இதே ஊரின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் போனார். புலவர் அரண்மனை உடையிலும் நகையிலும் வந்து நின்றதைப் பார்த்து அப்பா முதலில் மறுத்துவிட்டார் என்கிறது வழிவழிச் செய்தி. அந்த இடத்தில் நம்மில் பலர் திரும்பி நடந்திருப்போம், நடந்த கையோடு அப்பாவைத் திட்டி நாலு வரி எழுதியும் இருப்போம். உமறு பள்ளிவாசலிலேயே கிடந்தார், மனம் உருகி முதுமொழிமாலை பாடினார். பிறகு அப்பா மனம் இளகி, பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவர் லெப்பை அலி ஹாஜியாரிடம் அனுப்பிவைத்தார். ஹாஜியார் அரபி வரலாற்றை எடுத்துச் சொல்லச் சொல்லப் புலவர் பாடினார். பாதியில் சீதக்காதி காலமானார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் தாங்கிக்கொண்டார். 5,027 விருத்தங்களோடு சீறாப்புராணம் வந்தது. ஏட்டில் கிடந்ததைச் சேகனாப் புலவர் 1842ல் அச்சேற்றினார்.

இதில் கை கொடுத்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் செலவைத் தாங்கினார், ஒருவர் தகுதியைச் சோதித்தார், ஒருவர் தகவல் தந்தார், ஒருவர் விட்ட இடத்தில் பிடித்தார், ஒருவர் அச்சிட்டார். அணிந்துரை கொடுத்தவர் எவரும் இந்தக் கதையில் இல்லை.

இன்று மூத்த எழுத்தாளரிடம் இளையவர் கேட்பது அணிந்துரை. மூத்தவரும் முதல் கதையையும் கடைசிக் கதையையும் படித்துவிட்டு மூன்று பக்கம் எழுதித் தருகிறார். இருவருக்கும் பொன்னாடை. கைப்பிரதியில் ஒரு கமா கூட இடம் மாறவில்லை. அந்த மூன்று பக்கத்துக்குச் செலவிட்ட பொழுதில் முப்பது பக்கத்தைப் பென்சிலோடு படித்திருக்கலாம்.

படிப்பது எப்படி என்று சொல்கிறேன். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக்கூடாது. எங்கே அலுத்தது, எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுத்தோம் என்பதை மட்டும் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அலுத்த இடத்தைப் பற்றிய அந்தக் குறிப்பு, பாராட்டை விடப் பயன் தரும். இரண்டாம் வாசிப்பில் அத்தியாயத்துக்கு ஒரு வரி: இதில் யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது, முடிவில் என்ன மாறியது. வரி எழுத வராத அத்தியாயம் பெரும்பாலும் வெட்ட வேண்டியது. புதியவர் கைப்பிரதியில் முதல் பத்துப் பக்கம் ஊர் வருணனையாகப் போய், கதை பதினோராம் பக்கத்தில் பிறப்பது வழக்கம். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வருணனையில் நல்ல நான்கு வரி இருந்தால் அது பின்னால் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வாசிப்பில்தான் வாக்கியம், கடைசியில்தான் மெய்ப்பு. இதைத் தலைகீழாகச் செய்து, முதலிலேயே ஒற்றுப்பிழை பார்த்தால், திருத்தி முடித்த பக்கத்தை வெட்ட எழுதியவருக்கும் மனம் வராது, திருத்தியவருக்கும் வராது.

அடுத்தது தகவல். நம் கரையில் எழுத வருகிறவர்கள் பலரும் 1964 டிசம்பர் புயலில்தான் முதலில் கை வைக்கிறார்கள். குற்றமில்லை. ஆனால் கதை 1970ல் நடக்க, நாயகன் பேருந்தில் பாம்பனைக் கடந்து ராமேசுவரம் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் பாலம் திறந்தது 1988ல். அதுவரை கடலைக் கடக்க 1914ன் ரயில் பாலம்தான். ஒரே ஒரு பேருந்து கதை முழுவதையும் கவிழ்த்துவிடும். வாடைக் காற்று வீசும் மாதத்தில் வடகடல் கண்ணாடியாகக் கிடக்கிறது என்று எழுதினால், இந்த அறையிலேயே நாலு பேர் சிரிப்பார்கள். இதையெல்லாம் பிடிக்க மூத்த எழுத்தாளரே வேண்டும் என்பதில்லை. படகு வைத்துத் தொழில் நடத்தும் ஒரு சம்மாட்டி போதும். அவரிடம் அந்தப் பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வட்டாரச் சொல்லில்தான் பெரிய விபத்து. நம் ஊர் வழக்கு தெரியாத மெய்ப்பாளர் கையில் சிக்கினால் அண்ணனைச் சொல்லும் 'காக்கா வந்தாங்க' என்பது 'காகம் வந்தது' ஆகிவிடும். அக்காவைச் சொல்லும் 'ராத்தா' ராதாவாகிவிடுவாள். வெள்ளிக்கிழமை மாலை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நடுவே ராதா எப்படி வந்தாள் என்று வாசகர் திகைப்பார். இதற்கு மருந்து ஒன்று இருக்கிறது: கைப்பிரதியோடு ஒரு சொற்பட்டியல். ராத்தா, காக்கா, சோழகம், கச்சான், வத்தை, மடி என்று ஐம்பது சொல், அவற்றின் எழுத்துக்கூட்டல், எதிரே பொருள். ஒரே தாள். எழுதியவர் தயாரிக்க, திருத்துகிறவர் சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட்டு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதே சமயம் 'நன்றிச் சொன்னார்' என்பதை வட்டார வழக்கு என்று யாரும் வாதாட வேண்டாம். நன்றி சொன்னார், நன்றியைச் சொன்னார். ஐ வெளிப்பட்டால் ஒற்று மிகும், மறைந்திருந்தால் மிகாது.

இரண்டாவது, பக்கம் கட்டுவது. சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் ஒரு முறை முழுவதும் படித்தாக வேண்டும். கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 240 பக்கம் என்றால் சரியாக 15 ஃபாரம். 243 பக்கத்தில் முடித்துவிட்டு அச்சகத்தைக் குறை சொல்லாதீர்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணமே இல்லை. பணம் கேட்கிறவர் உங்கள் சார்பில் விண்ணப்பிக்கும் கூலியைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

மூன்றாவது ஒப்பந்தம். இங்கேதான் நம் ஆட்கள் தலை குனிந்துவிடுகிறார்கள். பதிப்பாளரிடம் காகிதம் கேட்பது மரியாதைக் குறைவாம். 1957ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றிக் கொடுக்க முடியும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, அது அற்றுப்போகும். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஒவ்வொன்றும் தனித்தனி. 'அனைத்து உரிமைகளும்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்தால் பேனாவை மூடிவையுங்கள். 200 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து விழுக்காடு என்றால் படிக்கு 20 ரூபாய். 300 படி விற்றால் 6,000. வீடு கட்ட முடியாது. ஆனால் எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து இன்னும் 60 ஆண்டு அந்த உரிமை வாரிசுக்கு ஓடும். செத்தும் கொடுத்தான் சீதக்காதி! வள்ளலுக்கு மட்டும் அமைந்த வரத்தைச் சட்டம் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் கொடுத்திருக்கிறது. நாம்தான் வாய்ச்சொல்லில் தொலைக்கிறோம்.

திருத்தித் தருகிறவருக்கும் காகிதம் வேண்டும். ஃபாரத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முதல் ஃபாரத்தைத் திருத்திப் பார்த்து, இருவருக்கும் ஒத்துவந்தால் மேலே போகலாம், வராவிட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் காசு. பெயரையும் போடுங்கள். ராமேசுவரத்தில் பிறந்த கலாம் ஐயாவின் சுயசரிதை 1999ல் வந்தபோது அருண் திவாரியின் பெயரும் கூடவே இருந்தது. குடியரசுத் தலைவர் ஆகப்போகிறவருக்குக் குறையாத மதிப்பு நமக்கா குறைந்துவிடும்?

நான்காவதாக விற்பனை. நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சென்னைப் புத்தகக் காட்சியை நம்பியிருப்பவர்கள் தீபாவளிக்கு முன்பே கைப்பிரதியை முடித்துவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன். ஏனென்றால் நகராட்சி உறுப்பினரும் நூலகர் அம்மாவும் ஒன்றாக இருக்கும்போதே ஒரு கோரிக்கையை வைத்துவிட வேண்டும்.

இந்த நூலகத்தில் மாதம் ஒரு கைப்பிரதி மேசை வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஐந்து முதல் ஏழு வரை. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு டப்பா பென்சில். எழுதத் தெரிந்தவர் ஒருவர் முறை வைத்து உட்காருவார். எழுதியவர் இருபது பக்கம், ஒரு பக்க அச்சு, இரட்டை இடைவெளி, கணினியில் வேர்டு கோப்பு என்றால் அதையும் சேர்த்து, ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆளுக்கு நாற்பது நிமிடம், ஒரு மாலைக்கு மூன்று பேர், அதற்கு மேல் கூடாது. மேசையில் பாராட்டு கிடையாது, பொன்னாடை கிடையாது, புகைப்படமும் வேண்டாம். உட்காருகிறவருக்குப் பயணப்படியும் தேநீரும் யார் தருவது என்பதுதான் பாக்கி. ஜமாஅத் பெரியவர்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன். சீதக்காதி கட்டிய ஜும்மாப் பள்ளி இருக்கும் ஊரில் இதைக் கேட்க எனக்குக் கூச்சமில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி. இருக்கிற நாம் மாதம் ஒரு தேநீர்ச் செலவைக் கொடுக்கலாம்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கரையில் வலை பின்னுகிற, ஓட்டை அடைக்கிற காலம். அதற்குள் மேசை போட மே, ஜூன் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகள் இரண்டு கிடைக்கும். முதல் மேசையை அந்த நாட்களில் போட்டுவிடலாம் என்று சங்கச் செயலாளரையும் கேட்டுக்கொள்கிறேன். கடலுக்குப் போகிறவர்களில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கரையில் பொழுது கிடைப்பது அப்போதுதான்.

நூலகர் அம்மா, கூட்டம் முடிந்ததும் அறைச் சாவியைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம். பக்கத்தில் பென்சில் கட்டியிருக்கிறது.